கம்பஸ் விடுதியும் கடைக்காரர் கையெழுத்தும்

கேள்வி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையின் முகப்பில் 27 வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஒழுங்கைக்குள் 12 பரப்புக் காணியில் (முக்கால் ஏக்கர் அளவு) கம்பஸ், அதாவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்காக ஐந்து மாடியில், 400 படுக்கையோடு தனியார் விடுதி ஒன்று கட்டப்போகிறார்கள். வெளிநாட்டுக் காசு என்று கதை. இப்போதே காலையில் சந்தைக்கு வரும் லொறி, பள்ளிக்கூட வான், பஸ் எல்லாம் சேர்ந்தால் சந்தி அசையாது. இதற்குள் இன்னும் 400 பேர் வந்தால் என்ன ஆகும்? பக்கத்துக் கடைக்காரர் எல்லோரும் சேர்ந்து மகஜர் எழுதி, என்னையும் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா? சட்டப்படி இதை நிறுத்த முடியுமா? ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: என் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் ஆறு மாணவர் வாடகைக்கு இருக்கிறார்கள்.
கடைக்காரர், திருநெல்வேலி

பதில்:

அண்ணை, கையெழுத்து வையுங்கள், ஆனால் அந்த மகஜரில் வேண்டாம்.

மகஜரின் படத்தையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள், இரண்டு தரம் வாசித்தேன். முதல் பந்தியில் வாகன நெரிசல், இரண்டாவதில் கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த இடமில்லாமல் போகும் என்ற கவலை, மூன்றாவதில் "வெளியிடத்துப் பிள்ளைகள் வந்து ஊர் ஒழுக்கம் கெடும்" என்று ஒரு வரி. அதை எழுதியவர் யாராகவும் இருக்கட்டும். அந்த வரியைப் படிக்கும் அதிகாரி முதல் இரண்டு பந்திகளையும் அதே கண்ணால்தான் பார்ப்பார், இவர்களுக்கு வாகனத்தைவிடப் பிள்ளைகளைத்தான் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக் கோப்பை மூடிவிடுவார். உங்களிடம் நியாயமான கேள்விகள் இருக்கின்றன, அவற்றை இப்படிப் பழுதாக்க வேண்டுமா? இத்தனைக்கும் நீங்கள் 27 வருடம் கடை நடத்தியது அந்த வெளியிடத்துப் பிள்ளைகள் வாங்கிய சீனியிலும் தேயிலையிலும் பிஸ்கட்டிலும்தானே.

சரி, நெரிசலுக்கு வருவோம். வீதியையும் சந்தியையும் எண்ணுவதும் அளப்பதும்தான் என் தொழில். எந்த ஊரில் எந்தப் பெரிய கட்டடம் வந்தாலும் முதலில் எழும் சத்தம் "ட்ராபிக் வரும்" என்பது. கல்யாண மண்டபம் வந்தால் அது உண்மை, முகூர்த்தத்துக்கு முந்தின அரை மணி நேரத்தில் நூறு காரும் வானும் ஒரே வாசலைத் தேடி வரும். தனியார் கல்வி நிலையம் வந்தால் அதுவும் உண்மை, வகுப்பு விட்டதும் முந்நூறு சைக்கிள் ஒரே நிமிடத்தில் வீதியில் இறங்குவதை நீங்களே தினம் பார்க்கிறீர்கள். விடுதி வேறு சாதி. அங்கே இருப்பவர் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. ஒருவருக்கு எட்டு மணிக்கு விரிவுரை, மற்றவருக்குப் பத்துக்கு, இன்னொருவர் விடிய விடியப் படித்துவிட்டு மத்தியானம்வரை தூங்குவார். கிளம்பினாலும் எப்படிப் போவார்கள் என்பதுதான் முக்கியம்.

ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த 400 பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள்? வானத்திலிருந்து புதிதாக விழப்போவதில்லையே. கோண்டாவில், கொக்குவில், இணுவில், உரும்பிராய், மானிப்பாய், நகரப் பக்கம் என்று வீடுகளின் பின்னறைகளில் இரண்டு பேர் மூன்று பேராக வாடகைக்கு இருக்கிறார்கள். அங்கிருந்து காலையில் மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலும் நண்பனின் பின் இருக்கையிலும் உங்கள் சந்தியைக் கடந்துதான் கம்பஸுக்குப் போகிறார்கள், அதுவும் நீங்கள் சொல்கிற அதே அசையாத நேரத்தில். அதே பிள்ளை கம்பஸுக்கு ஆறுநூறு மீற்றர் தள்ளி இருந்தால், சாதாரண நடைக்கு நிமிடத்துக்கு 80 மீற்றர் கணக்கில், ஏழெட்டு நிமிடத்தில் நடந்தே வாசலில் நிற்பார். பலாலி வீதியில் அவரை ஏற்றிவந்த ஒரு வண்டி குறைகிறது. கம்பஸுக்குப் பக்கத்தில் பிள்ளைகளைக் குடிவைப்பதைப்போல நெரிசலைக் குறைக்கும் வேலை வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கூட்டங்களில் இதைச் சொல்லிப் பேச்சு வாங்கியும் இருக்கிறேன், அது வேறு கதை.

"முந்நூறு மீற்றர் தள்ளியிருக்கிற கடைக்குப் போகவும் மோட்டார் சைக்கிளை உதைக்கிற பெடியள் நடப்பாங்களோ" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எல்லோரும் நடக்கப்போவதில்லைதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் வைத்தியர், அதிபர், கலியாண மாப்பிள்ளை எல்லோரும் சைக்கிள் மிதித்த ஊர் இது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது பரணில் கிடந்த லுமாலா சைக்கிள் எல்லாம் மறுபடி வெளியே வந்தது. பெற்றோல் வந்ததும் சைக்கிள் திரும்பப் பரணுக்குப் போய்விட்டது. அதனால்தான் சொல்கிறேன், பிள்ளை நடப்பாரா மோட்டார் சைக்கிள் ஓடுவாரா என்பதைக் குணம் பாதி தீர்மானிக்கும், மீதியை அந்தக் கட்டடத்தின் வாசலும் தரிப்பிடமும் தீர்மானிக்கும். மகஜரில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லை.

என் கணக்கு சரியாக வர ஒரு நிபந்தனை உண்டு. அங்கே தங்கப்போவது திருநெல்வேலி வளாகத்திலோ ஆடியபாதம் வீதியிலுள்ள மருத்துவ பீடத்திலோ படிக்கும் பிள்ளைகளாக இருக்க வேண்டும். பொறியியலும் விவசாயமும் படிக்கிறவர்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில். நுண்கலைப் பிள்ளைகள் மருதனார்மடத்துக்குப் போக வேண்டும். முதலீட்டாளர் "மாணவர் விடுதி" என்று பெயர் வைத்துவிட்டு, கட்டி முடித்த பிறகு சுற்றுலா வருகிறவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வருகிற குடும்பங்களுக்கும் அறை விட்டால் கதையே மாறிவிடும். அப்போது ஒவ்வொரு அறைக்கும் ஒரு வான் வாசலில் நிற்கும். ஆகவே "மாணவர் தங்குமிடமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும்" என்று அனுமதிப் பத்திரத்திலேயே எழுதக் கேளுங்கள். கட்டடம் எழும்பிய பிறகு கேட்டுப் பயனில்லை.

இந்தச் சிக்கலே நமக்கு ஏன் வந்தது என்றும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஐவர் ஜெனிங்ஸ் காலத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகவே திட்டமிட்டார்கள், ஆற்றங்கரையில் பரந்த நிலத்தில் விடுதிகளையும் சேர்த்தே கட்டினார்கள். நம்முடையது அப்படியில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவுக்குள் 1974இல் வளாகம் வந்து உட்கார்ந்தது, 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. சுற்றிவர ஏற்கனவே வீடு, தோட்டம், கோயில், சந்தை. படிக்க மண்டபம் கட்டினார்கள், படுக்க இடம் எல்லோருக்கும் கட்ட முடியவில்லை. மீதிப் பிள்ளைகளை ஐம்பது வருடமாக ஊர்தான் தன் வீடுகளில் வைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் உங்கள் மேல்மாடியில் வைத்திருப்பதும் அதே கணக்கில்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் முகத்துக்கு நேரே பேசிவிடுகிறேன், குறை நினைக்க வேண்டாம். ஆறு பிள்ளைகள் வாடகைக்கு இருப்பதை நீங்களாகவே எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தெரிய வழியில்லை, அந்த நேர்மைக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் ஒழுங்கையில் மகஜரில் கையெழுத்து வைத்தவர்களில் எத்தனை பேர் அறை வாடகைக்கு விடுகிறார்கள் என்று ஒருதரம் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். 400 படுக்கை ஒரே இடத்தில் வந்தால் தனி அறைகளுக்கு வாடகை இறங்கும், முற்பணமாக ஆறு மாதக் காசு வாங்கும் பழக்கமும் ஆட்டம் காணும். கீழ்த்தளத்தில் அவர்களே ஒரு மினி சூப்பர் மார்க்கெட் போட்டால் உங்கள் வியாபாரத்துக்கும் அடி விழும். இந்தப் பயத்தில் தவறொன்றும் இல்லை, வியாபாரம் செய்கிறவருக்கு வரவேண்டிய பயம். ஆனால் அதற்கு நெரிசல் என்ற சட்டையைப் போட்டு அனுப்பினால், கணக்குத் தெரிந்த ஒருவர் ஐந்து நிமிடத்தில் அதைக் கழற்றிவிடுவார். அப்புறம் உண்மையான நெரிசல் பற்றி நீங்கள் சொல்வதும் எடுபடாது.

உண்மையான நெரிசல் என்று நான் எதைச் சொல்கிறேன்? நாங்கள் வாகனங்களைத் தலைக்கு ஒன்றாக எண்ணுவதில்லை, கார் அளவில் எண்ணுகிறோம். கார் ஒன்று என்றால் மோட்டார் சைக்கிள் அதில் ஏறத்தாழ அரை, சைக்கிள் அதைவிடக் குறைவு, பஸ்ஸும் லொறியும் இரண்டு, மூன்று. இதுவும் ஓடும்போது. நின்றால் இந்தக் கணக்கெல்லாம் உடைந்துவிடும். சந்திக்குப் பக்கத்தில் ஒரு லொறி இருபது நிமிடம் நின்று மூட்டை இறக்கினால், வீதியில் ஒரு பக்கமே இல்லாமல் போகிறது, நூறு சைக்கிள் போனாலும் அவ்வளவு அடைப்பு வராது. உங்கள் கடைக்குச் சீனி மூட்டையும் மா மூட்டையும் எத்தனை மணிக்கு வருகிறது, அண்ணை? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அனேகமாகக் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் என்று ஊகிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் வடமராட்சியில் ஒரு சந்தையடியில் இதேபோல ஒரு சண்டைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளருக்கு வண்டி விட இடமில்லை, புதுக் கட்டடம் வந்தால் இன்னும் மோசமாகும் என்று முறைப்பாடு. ஒரு நாள் முழுவதும் கதிரை போட்டு உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று இலக்கத்தைக் குறித்தோம். காலையில் கடை திறக்கும்போது வந்து இரவு கடை பூட்டும்போது போன வண்டிகளில் பெரும்பாலானவை முதலாளிமாருடையவையும் கடையில் வேலை செய்கிற பெடியளுடையவையும்தான். வாடிக்கையாளரின் வண்டி பத்து நிமிடம் நின்றால் அதிகம். சங்கத் தலைவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, தன் வாகன இலக்கமும் அதில் இருந்ததால், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தேத்தண்ணி வந்தது, பேச்சு நல்லபடியாகப் போனது.

மகஜரின் இரண்டாவது பந்திக்கு என் பதிலும் அதுதான். ஒரு கார் நிற்கிற இடத்தில் ஐந்து, ஆறு மோட்டார் சைக்கிள் நிற்கும், சைக்கிள் என்றால் இன்னும் கூட. கார் நிற்கும் இடத்தைப் பாதுகாக்க நீங்கள் போராடினால் இரண்டு வாடிக்கையாளரைக் காப்பாற்றுவீர்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதியை மூடிவிடுகிறார்களே, வாகனம் ஒன்றும் உள்ளே போகாது, அப்போது கச்சான் கடையிலும் ஐஸ்கிறீம் கடையிலும் வியாபாரம் குறைகிறதா? நடந்து வருகிற சனம்தான் கடைக்குள் ஏறும். காரில் போகிறவர் உங்கள் பெயர்ப் பலகையைக்கூட வாசிக்கமாட்டார். 400 பேர் தினம் இரண்டு தரம் உங்கள் கடை வாசலால் நடந்து போகப்போகிறார்கள் என்றால், நானாக இருந்தால் மகஜர் எழுதும் நேரத்தில் சவர்க்காரமும் நூடில்ஸும் கூடுதலாக ஓடர் பண்ணியிருப்பேன்.

அப்படியானால் எல்லாம் நல்லதுக்கா என்றால், அதுவும் இல்லை. அந்தக் கட்டடத்தில் என்னைக் கவலைப்பட வைக்கும் விடயங்கள் இருக்கின்றன, அவை உங்கள் மகஜரில் இல்லை.

முதலாவது ஒழுங்கையின் அகலம். இதைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் பொருந்தும் இடத்தில், ஒரு காணியில் எவ்வளவு தரைப்பரப்புக் கட்டலாம், எத்தனை மாடி எழுப்பலாம் என்பது காணியின் அளவை மட்டும் வைத்து முடிவாவதில்லை, காணிக்குப் போகும் வீதி எத்தனை அகலம் என்பதையும் பார்ப்பார்கள். நாளை ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, மதிலிலிருந்து மதில்வரை, மிக ஒடுங்கிய இடத்தில் அளந்து பாருங்கள். மின்கம்பம் மதிலுக்கு வெளியே நின்றால் அதையும் கழித்துக் குறியுங்கள். ஐந்து மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தால் மாநகர சபையின் தீயணைப்பு வண்டி அந்த முடக்கில் திரும்புமா? இதைக் கேட்கிற மகஜரை யாரும் தூக்கி ஓரமாக வைக்க முடியாது. அகலம் போதாவிட்டால் மாடி குறையும், அல்லது அவர்கள் மதிலைப் பின்னுக்குத் தள்ளிக் காணியில் ஒரு துண்டை வீதிக்கு விட வேண்டிவரும். எது நடந்தாலும் உங்களுக்கு லாபம்.

இரண்டாவது, கட்டுகிற காலம். வந்து குடியிருக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், அதற்கு முன்னால் ஒன்றரை, இரண்டு வருடம் அந்த ஒழுங்கைக்குள் டிப்பரும் கொன்கிறீட் கலவை லொறியும் கம்பி ஏற்றிய நீள லொறியும் போகப்போவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எனக்குக் கேட்டால் அதுதான் ஆபத்து. பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது, அந்த இரண்டு நேரத்திலும் சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் அந்த ஒழுங்கையால்தான் வருவார்கள். காலை ஆறே முக்காலிலிருந்து எட்டரைவரையும், மத்தியானம் ஒன்றேகாலிலிருந்து இரண்டரைவரையும் கனரக வாகனம் உள்ளே வரக்கூடாது, மணலும் கல்லும் வீதியில் கொட்டக்கூடாது, சந்தியில் கொடியோடு ஒருவர் நிற்க வேண்டும் என்று நிபந்தனை கேளுங்கள். இது ஒப்பந்தக்காரருக்கு அதிக செலவு வைக்கிற விடயமும் இல்லை. கேட்காததால்தான் யாரும் செய்வதில்லை.

வாசல் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். கேற் வீதி ஓரத்திலேயே இருந்தால் உள்ளே நுழையக் காத்திருக்கும் ஒவ்வொரு ஓட்டோவும் வீதியில்தான் நிற்கும். அதே கேற்றைப் பத்துப் பன்னிரண்டு மீற்றர் உள்ளே தள்ளிவைத்தால் இரண்டு வாகனம் காணிக்குள்ளேயே நின்று காத்திருக்கலாம். வெளிப்பக்கம் திறக்கும் கேற் வேண்டாம், உள்ளே திறக்கவோ பக்கமாக நகரவோ வேண்டும். சாப்பாடு கொண்டுவருகிற மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் உள்ளே ஒரு இடம், காஸ் சிலிண்டரும் மரக்கறியும் இறக்க ஒரு இடம், சைக்கிளுக்குக் கூரையோடு தரிப்பிடம். காருக்கு அதிக இடம் கேட்காதீர்கள், அதில்தான் நிறையப் பேர் தவறு விடுகிறார்கள். இடம் கொடுத்தால் கார் வரும். இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் நகரசபை, புதிய மாணவர் விடுதிக்கு அனுமதி கொடுக்கும்போது அங்கே தங்குகிறவர்கள் நகருக்குள் கார் வைத்திருக்கக்கூடாது என்பதை நிபந்தனையாகவே வைத்து, அதைக் கவனிக்கும் பொறுப்பை விடுதி நடத்துபவரிடம் கொடுக்கிறது. நம் பிள்ளைகளில் காரோடு வருகிறவர் எத்தனை பேர்? ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் இப்போதே ஒரு வரி எழுதிவைத்தால் பிறகு தலையிடி இல்லை. அங்கே இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. தவணை தொடங்கும் நாளில் எல்லோரும் ஒரேயடியாகப் பெட்டி படுக்கையோடு வராமல், ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அம்மா, அப்பா, தங்கச்சி, மாமா எல்லோரும் ஒரு வானில் ஏறி வந்து பிள்ளையை விட்டுப் போகிற நம் ஊருக்கு அது இன்னும் பொருத்தம் என்றே சொல்வேன்.

அடுத்தது தண்ணீர். நெரிசலைக் கேட்டால் இவன் கிணற்றைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம், இரண்டும் ஒரே வாசலால்தான் வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 லீற்றர் என்று வைத்தாலும் 400 பேருக்கு 48,000 லீற்றர். குழாய்த் தண்ணீர் போதாவிட்டால், பத்தாயிரம் லீற்றர் பவுசர் தினம் ஐந்து தரம் உங்கள் ஒழுங்கைக்குள் வந்து போகும். அந்தத் தண்ணீர் கழிவாகி எங்கே போகும்? நமக்கு நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் இல்லை, குழிதான். கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல், ஒரு பக்கம் ஊற்றியது இன்னொரு பக்கம் கிணற்றில் எழும்பும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இருந்தால் போதும் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் கணக்கு ஒரு குடும்பத்துக்குச் சரி, 400 பேருக்கு எப்படிச் சரிவரும்? சுத்திகரிப்பு ஏற்பாடு உள்ளேயே இருக்கிறதா, அல்லது மலக்கழிவு பவுசர் வாரம் தோறும் வருமா என்று கேளுங்கள். மாரி மழையில் அந்தக் கூரையிலும் கொன்கிறீட் முற்றத்திலும் விழுகிற தண்ணீர் எங்கே போகும் என்றும் சேர்த்தே கேளுங்கள். 12 பரப்பு மண் இப்போது அதைக் குடித்துக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அது உங்கள் கடைப் படியைத் தேடி வரலாம்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் சட்டத்தரணி இல்லை, திட்டமிடல் பக்கத்தால் தெரிந்ததைச் சொல்கிறேன். "நெரிசல் வரும்" என்று சொல்லி மட்டும் நீதிமன்றத்தில் ஒரு கட்டடத்தை நிறுத்துவது கடினம். எழுத்தாணை (ரிட்) வழக்கில் நீதிபதி பார்ப்பது, அனுமதி கொடுத்த சபை சட்டப்படி நடந்ததா, பார்க்க வேண்டியதைப் பார்த்ததா என்பதைத்தான், கட்டடம் ஊருக்கு நல்லதா என்பதை அல்ல. ஆகவே அனுமதி கொடுக்கும் முன்பே எழுத்தில் கேள்விகளைக் கொடுத்துவிடுவதுதான் கெட்டித்தனம், பிறகு அவர்கள் "யாரும் சொல்லவில்லை" என்று சொல்ல முடியாது. நல்லூர்ப் பிரதேச சபையில் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் போய்க் கேளுங்கள். வாயால் சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கொடுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கேட்டு நீட்டாமல் நான்கைந்து கேளுங்கள்: காணித் தளவரைபடம், போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டிருந்தால் அதன் பிரதி, வீதி அதிகாரிகளின் அனுமதிக் கடிதம், கழிவுநீர் ஏற்பாடு, விதிக்கப்பட்ட நிபந்தனைகள்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். பலாலி வீதியில் பாதசாரிக் கடவை வேண்டுமென்று பிரதேச சபைக்கு எழுதினால் அது அங்கேயே தூங்கும், ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள் ஒழுங்கை சபைக்கு. ஒரே கடிதத்தை மூன்றாகப் பிரித்து மூன்று இடத்துக்கும் அனுப்புங்கள், ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டின் பிரதியையும் இணைத்துவிடுங்கள். ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிற விளையாட்டு அதோடு நிற்கும்.

உங்கள் வியாபாரக் கவலையையும் ஒளிக்க வேண்டாம், அதையும் முதலீட்டாளரோடு நேரடியாகப் பேசுங்கள், மகஜரில் அல்ல. கீழ்த்தளத்தில் கடை போடப்போகிறாரா என்று கேளுங்கள். போடப்போகிறார் என்றால் வெளியாட்களுக்கு விற்கும் கடைக்கு வெளியாட்களின் வாகனமும் வரும், அது நிச்சயமாகப் போக்குவரத்துக் கேள்விதான், அதற்குத் தனி அனுமதி கேட்கவைக்கலாம். அவர் போடவில்லை என்றால் அரிசியும் முட்டையும் யாரிடம் வாங்குவார்? ஊர்க்காரரோடு பகைத்துக்கொண்டு விடுதி நடத்த யாருக்கும் விருப்பம் இருக்காது. முதல் ஆளாகப் போய்ப் பேசுகிறவருக்குத்தான் அந்த ஓடர் கிடைக்கும். அறை வாடகை விடயத்தில் என்னிடம் மருந்தில்லை. வாடகை இறங்கத்தான் செய்யும், ஆறு மாதக் காசை முன்னுக்குக் கட்ட நகை அடகு வைக்கிற குடும்பங்களை நினைத்தால் இறங்குவது நல்லது என்றே நினைக்கிறேன். உங்களுக்குக் கசக்கும், தெரியும்.

மகஜரைப் புதிதாக எழுத முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, எண்ணிக்கை. ஒரு செவ்வாயும் ஒரு புதனும் எடுங்கள். வெள்ளி வேண்டாம், விடுமுறை நாளும் திருவிழாக் காலமும் வேண்டாம். காலை ஆறே முக்காலிலிருந்து ஒன்பதுவரை கடை வாசலில் உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு வரியாக, பஸ், லொறி, கார், வான், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், சைக்கிள், நடந்து போகிறவர் என்று தனித்தனியாகக் கோடு போட்டு எண்ணுங்கள். மேலே இருக்கிற ஆறு பிள்ளைகளில் இரண்டு பேரைக் கூப்பிட்டால் ஆளுக்கொரு பக்கம் எண்ணிவிடுவார்கள், ஒருவேளை தேத்தண்ணியும் பணிஸும் கொடுக்க வேண்டிவரும். பின் பக்கத்தில், வீதியில் நின்ற வாகனம் எது, எத்தனை நிமிடம், யாருடையது என்று குறியுங்கள். உங்கள் மா லொறியையும் எழுதுங்கள், விட்டுவிட வேண்டாம்.

தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கார் அளவில் மாற்றிக் கணக்குப் போட்டுத் தருகிறேன். ஒழுங்கையின் அகலத்தை மேல் மூலையில் பெரிதாக எழுதிவிடுங்கள், அடியிலா மீற்றரிலா அளந்தீர்கள் என்பதையும்.